வரம்பை உயர்த்தியவர்

என் அண்ணனைப் பொய்யனாக்கிய மனிதருக்குக் கீழே வேலை பார்க்க வேண்டும் என்பதற்காகவே நான் அந்தக் கம்பெனியில் சேர்ந்தேன். நேர்முகத் தேர்வில் அவரேதான் கேட்டார், "ஏம்மா, எங்க கம்பெனிக்கு ஏன் வரணும்னு ஆசைப்படறீங்க?"

"உங்ககிட்ட நிறைய கத்துக்கலாம்னுதான் சார்" என்றேன்.

மனிதருக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. புகழ்ச்சி என்றால் இரண்டு கையாலும் வாங்கிக்கொள்கிறவர். கல்யாணத்துக்குப் பிறகு என் இனிஷியல் மாறியிருந்தது. அண்ணன் அப்பா ஜாடை, நான் அம்மா ஜாடை. அதனால் நான் யார் வீட்டுப் பெண் என்று ஒருவருக்கும் தெரியவில்லை.

"பழி வாங்கறதுக்குக் கத்தி எடுத்துட்டுப் போறவங்களைப் பத்திக் கேள்விப்பட்டிருக்கேன். டிபன் பாக்ஸ் எடுத்துட்டுப் போறவளை இப்பதான் பார்க்கறேன்" என்று என் வீட்டுக்காரர் கிண்டல் செய்தார். செய்யட்டும். எனக்கு எரிந்துகொண்டிருந்தது அவருக்கு எரியவில்லை.

எங்கள் கம்பெனி மருத்துவமனைகளுக்குச் சுவர்த்திரை செய்துகொடுக்கிறது. தீவிர சிகிச்சை வார்டில் நர்ஸ்கள் நடுவில் உட்கார்ந்திருப்பார்கள். எதிர்ச்சுவர் முழுக்க ஒரே திரை. அதில் எட்டுப் படுக்கைகளின் இதய அலைகளும் ஒன்றன்கீழ் ஒன்றாக ஓடும். திரைக்குப் படம் போட ஒரு கார்டு உண்டு, அந்தக் கார்டுக்கென்று கொஞ்சம் நினைவகம் உண்டு. எந்தப் படத்துக்கு அதில் எவ்வளவு இடம் என்று பிரித்துக் கொடுப்பது டிரைவர் என்கிற நிரல். அதை எழுதியவன் என் அண்ணன். "உன் மாப்பிள்ளை டிரைவர் எழுதறார்" என்று அண்ணி தன் அம்மாவிடம் சொன்னபோது, "டிரைவர் எதுக்கு எழுதணும், வண்டியைப் பார்த்து ஓட்டச் சொல்லு" என்றாராம் அவர்.

படம் கேட்கிறவர்கள் அகலம் இவ்வளவு, உயரம் இவ்வளவு என்று சொல்வார்கள். டிரைவர் இரண்டையும் பெருக்கி, நிறத்துக்காக இன்னொரு நான்கால் பெருக்கி, அவ்வளவு இடத்தை ஒதுக்கும். ஆனால் அந்தத் தொகையை எழுதிவைக்கக் கார்டில் இருக்கும் சில்லுக்கு இத்தனை இலக்கம்தான் என்று ஒரு கணக்கு இருக்கிறது. பழைய வண்டிகளின் கிலோமீட்டர் பெட்டி மாதிரிதான். எல்லா இலக்கமும் ஒன்பதாகிவிட்டால் அடுத்தது பூஜ்யம். கணக்கு அப்படிச் சுற்றி வந்துவிட்டால், மைதானம் கேட்டவனுக்கு ஒரு மூலைதான் கிடைக்கும். அவனோ அது தெரியாமல் முழுப் படத்தையும் வரைந்து தள்ளுவான். மிச்சமெல்லாம் பக்கத்துப் படத்தின் இடத்தில் போய் விழும்.

அது நடக்கக் கூடாது என்றுதான் அண்ணன் படத்தின் அகலத்துக்கு ஒரு வரம்பு வைத்திருந்தான். பதினாறாயிரத்துச் சொச்சம் புள்ளிகள். அதற்குமேல் யார் கேட்டாலும் டிரைவர் முடியாது என்று சொல்லிவிடும். அண்ணனும் அப்படித்தான். வாயில் விரலை வைத்தாலும் கடிக்கத் தெரியாதவன், ஆனால் முடியாதது என்றால் முடியாது என்று சொல்லிவிடுவான். அதனால் ஆபீஸில் அவனுக்கு 'வேகத்தடை' என்று பெயர்.

பெயர் வைத்தவர் எங்கள் மேலாளர். அவருக்கும் ஊழியர்கள் ஒரு பெயர் வைத்திருந்தார்கள், 'பார்த்துக்கலாம்'. எதைக் கேட்டாலும் அவர் வாயிலிருந்து வருவது அந்த ஒரு சொல்தான். டெஸ்ட் பண்ண நேரம் இல்லையே சார் என்றால் பார்த்துக்கலாம். கார்டு சூடாகிறதே சார் என்றால் பார்த்துக்கலாம். முதலாளியின் தங்கையைக் கட்டியவர் என்பதால், பிறகு பார்க்க வேண்டிய வேலை எப்போதும் வேறு யார் தலையிலாவதுதான் விழும்.

அவர் மனதில் 'நாள் பட்டை' என்று ஒன்று முளைத்தது. திரையில் விரலை வைத்து இழுத்தால் ஒரு நோயாளியின் ஒருநாள் முழுக்க ஓடிய அலையும் ஒரே நீளப் பட்டையாகப் பின்னோக்கி வர வேண்டும். அவ்வளவு நீளத்தை ஒரே படமாகப் போட்டால் வரம்பு தாண்டும், துண்டு துண்டாக வெட்டித்தான் போட வேண்டும், அதற்குக் கொஞ்சம் அவகாசம் வேண்டும் என்று அண்ணன் சொன்னான். "வரம்புன்னா ஒரு நம்பர்தானேப்பா, மாத்தினா மாறிடும்" என்றார் பார்த்துக்கலாம். அண்ணன் மாற்றவில்லை. அவரே மாற்றினார்.

அந்தக் கம்பெனியில் அது சுலபம். நிரலில் ஒரு வரி மாற்றினால்கூட இன்னொருவர் பார்த்துச் சரி என்று சொன்ன பிறகுதான் உள்ளே போகும், மாற்றியவர் பெயரும் பதிவாகும். ஆனால் வரம்பு மாதிரியான எண்கள் மட்டும் பொதுக்கோப்பு என்று தனியாக ஒன்றில் இருக்கும். திரையை மாட்டப் போகிறவர்கள் அங்கேயே கூட்டிக் குறைத்துக்கொள்ள வசதியாக அப்படி வைத்திருந்தார்கள். தெருக்குழாய் மாதிரி, யார் வேண்டுமானாலும் திறக்கலாம், யார் திறந்தார்கள் என்று குழாய்க்குத் தெரியாது.

புதுத் திரை ஒரு மருத்துவமனையில் ஓட ஆரம்பித்தது. சின்னச் சின்ன அலைகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. வார்டில் ஒருவர் ஒருநாள் முழுக்க இருந்து, அவருடைய பட்டை நீண்டுகொண்டே போனபோதுதான் கணக்கு சுற்றிக்கொண்டது. மூன்றாம் படுக்கையின் அலை நாலாம் படுக்கையின் இடத்தில் போய் விழுந்தது. படுக்கைப் பக்கத்தில் இருந்த சின்னத் திரைக்கும் அதே டிரைவர்தான் படம் கொடுத்தது, அதனால் அங்கேயும் அதே கூத்து. நாலாம் படுக்கையின் இதயம் தறிகெட்டு ஓடுகிறது என்று நினைத்து ஒரு நர்ஸ் ஓடிப்போய் ஊசி போட்டாள். நன்றாக இருந்த இதயம் அது. ஊசியில் தடுமாறி நின்று, திரும்ப ஓடியது. அதற்குள் அந்த மனிதருக்கு வலப்பக்கம் இழுத்துக்கொண்டுவிட்டது. உண்மையில் இதயம் தறிகெட்டிருந்த மூன்றாம் படுக்கைக்காரரை டாக்டர்கள் எப்படியோ பிழைக்கவைத்தார்கள்.

செய்தி ஆபீஸுக்கு வந்ததும் பார்த்துக்கலாம் செய்த முதல் வேலை, பழைய எண்ணைப் பொதுக்கோப்பில் திரும்பப் போட்டு, மருத்துவமனையில் இருந்த திரைக்கும் அனுப்பியதுதான். விசாரணைக்கு வந்தவர்கள் பார்த்தபோது வரம்பு இருந்த இடத்தில் சமர்த்தாக உட்கார்ந்திருந்தது. "வரம்பை யாரோ ஏத்தியிருக்காங்க" என்று அண்ணன் சொன்னான். "எங்கப்பா ஏத்தியிருக்காங்க? நீ வச்சது வச்ச மாதிரிதானே இருக்கு" என்று எல்லார் முன்னாலும் அவர் கேட்டார். மாற்றினால் மாறிவிடும் என்று சொன்னவர் அவர்தான், ஆனால் அவர் மாற்றியதற்குச் சாட்சி இல்லை. டிரைவர் உன்னுடையது, தப்பும் உன்னுடையது, அதை மறைக்கப் பொய் வேறு சொல்கிறாய் என்று முடித்துவிட்டார்கள். அண்ணனுக்கு வேலை போயிற்று. அந்த நர்ஸுக்கும் போயிற்று. அதற்குப் பிறகு எந்தக் கம்பெனியிலும் அண்ணனை உட்காரச் சொல்லக்கூட ஆள் இல்லை. ஒரு நோயாளியை முடக்கிவிட்டுப் பொய் சொன்னவன் என்று அவன் போகும் முன்னாலேயே அவன் பெயர் போய் நின்றது.

அவன் அக்கம்பக்கத்தாரின் ரிமோட்டும் மிக்ஸியும் பழுது பார்த்துக்கொண்டு வீட்டோடு இருந்தான். அண்ணி ஒரு பள்ளிக்கூட அலுவலகத்தில் தட்டச்சு செய்து குடும்பத்தை ஓட்டினாள். அவர்கள் இரண்டு பேரும் ஒருநாள்கூடப் பார்த்துக்கலாமைத் திட்டி நான் கேட்டதில்லை. அதுதான் எனக்கு ஆறவே இல்லை. அவர்களுக்கும் சேர்த்து நானே கறுவிக்கொண்டிருந்தேன்.

சேர்ந்ததும் டிரைவரை என் கையில்தான் கொடுத்தார்கள். வேறு யாரும் அதைத் தொடப் பயந்தார்கள். அண்ணனின் எழுத்தைத் திரையில் பார்த்தபோது கண் கலங்கிற்று, அதைத் துடைத்துக்கொண்டு வேலையைப் பார்த்தேன். ஒருமுறை முதலாளியிடம் நேராகவே பேசிப் பார்த்தேன். பொதுக்கோப்பை யார் மாற்றினாலும் பெயர் பதிவாகிற மாதிரி செய்யலாமா, முன்பு நடந்த விபத்தில் வரம்பை யாரோ ஏற்றியிருக்கலாம் என்று தோன்றுகிறது என்றேன். "அதெல்லாம் மாப்பிள்ளைகிட்டப் பேசும்மா" என்று அனுப்பிவிட்டார். மாப்பிள்ளையிடமா பேசுவது? அன்றைக்கே தீர்மானித்தேன். நான் சொல்லி யாரும் நம்பப் போவதில்லை. அந்த மனிதர் தன் கையாலேயே, நாலு பேர் பார்க்க, அதே வேலையைத் திரும்பச் செய்ய வேண்டும்.

செய்வாரா என்ற சந்தேகம் எனக்கு ஒருநாளும் வந்ததில்லை. அண்ணன்தான் காரணம் என்று அவர் அத்தனை பேரிடம் அத்தனை முறை சொல்லியிருந்தார், கடைசியில் அவரே அதை நம்பிவிட்டார். டீ குடிக்கும்போது புதுப் பையன்களிடம் வேகத்தடையின் கதையைச் சொல்வார். சொல்லும்போது அவர் முகத்தில் ஒரு சின்னக் கூச்சம்கூட இருக்காது. நானும் பக்கத்தில் நின்று சிரித்து வைப்பேன். சிரித்துவிட்டு வந்து கப்பை இரண்டு முறை கழுவுவேன்.

பெரிய ஆர்டர் ஒன்று வருகிறது என்ற பேச்சு வந்ததும் நாள் பட்டையைத் தூசி தட்டி எடுத்தார். கூட்டத்தில் எல்லார் முன்னாலும் நான் சொன்னேன். "சார், ஒருநாள் பட்டையை ஒரே படமா கேட்டா டிரைவர் குடுக்காது. துண்டு போட்டுத்தான் செய்யணும். அவகாசம் குடுங்க, செஞ்சு தரேன்."

"அந்தப் பழைய ஆள் மாதிரியே பேசறியேம்மா. இவ்வளவு அவசரத்துல துண்டு எங்க போடறது? ஒரு மணி நேரத்து அலையைக் காட்டினா போதும். பார்த்துக்கலாம்."

"யாராவது முழு நாளும் கேட்டா?"

"யார் கேக்கப் போறாங்க?"

கேட்கப் போகிறவர் யார் என்று எனக்குத் தெரியும். வார்டுகளில் போய் நின்று பார்த்திருக்கிறேன். ஷிஃப்ட் மாறும்போது வருகிற நர்ஸ் முதலில் கேட்பதே நேற்று இதே நேரத்திலிருந்து என்ன ஆயிற்று என்பதைத்தான். நர்ஸ்களுக்குச் செய்கிற பொருளை வைத்துப் பிழைக்கிறவர், ஒருநாளாவது வார்டுக்குள் கால் வைத்திருந்தால் இது தெரிந்திருக்கும். ஆர்டர் தருமுன் திரையைப் பார்வையிட வரப்போகிறவர்களில், விபத்து நடந்த அந்தப் பழைய மருத்துவமனையின் தலைமை நர்ஸும் உண்டு என்று தெரிந்ததும், ஒரு முழு நாள் பதிவைச் செயற்கையாகத் தயாரித்துக் கணினியில் போட்டுவைத்தேன். எட்டுப் படுக்கைக்கும் கற்பனை அலைகள். எந்த நோயாளியும் இதில் கிடையாது. என் கோபம் இன்னொருவர் உயிரைத் தொடக் கூடாது என்பதில் மட்டும் கவனமாக இருந்தேன்.

பார்வையிடும் நாளன்று முன்பகலில் எல்லாரும் வந்து உட்கார்ந்தார்கள். முன்வரிசையில் முதலாளி, அவர் பக்கத்தில் தலைமை நர்ஸ். கண்ணாடியை மூக்கு நுனியில் தள்ளிவைத்துக்கொண்டு, யாரையும் நம்பாத பார்வை பார்க்கிற அம்மாள். பார்த்துக்கலாம் தன் லேப்டாப்பை நேரே சுவர்த்திரையில் இணைத்துக்கொண்டு பேச ஆரம்பித்தார். லேப்டாப்பில் அவர் செய்வதெல்லாம் சுவரில் ஆள் உயரத்துக்குத் தெரிந்தது. ஒரு மணி நேரத்து அலையை இழுத்துக் காட்டினார். கைதட்டினார்கள்.

"இது சரி. எங்களுக்கு நேத்து இந்நேரத்துல இருந்து வேணும். முழு நாளும் காட்டுங்க" என்றார் தலைமை நர்ஸ்.

"காட்டலாமே!" என்று அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"பதிவு இருக்கு சார். ஆனா வரம்பு தாண்டும்" என்றேன்.

"போடும்மா."

போட்டேன். சுவர் முழுக்க வெள்ளையாகி நடுவில் ஒரே ஒரு வரி வந்தது: கேட்ட அகலம் வரம்பைவிட அதிகம், இடம் தர முடியாது. முன்வரிசையில் யாரோ லேசாகச் சிரித்தார்கள். முதலாளி கையைக் கட்டிக்கொண்டார். பார்த்துக்கலாமின் காது மடல் சிவந்தது. மச்சான் முன்னால் ஒரு மெஷின் அவரிடம் முடியாது என்று சொல்லிவிட்டது.

"சின்ன விஷயம். ஒரு நிமிஷம்" என்று அவர் லேப்டாப் மேல் குனிந்தார்.

"வேண்டாம் சார். வரம்பை ஏத்தாதீங்க" என்று சொன்னேன். சத்தமாகவே சொன்னேன். எனக்கு மனசாட்சி உறுத்தக் கூடாது, அவருக்கும் நாளைக்கு ஒரு சாக்கு இருக்கக் கூடாது.

"நீ சும்மா இரும்மா."

பொதுக்கோப்பு சுவரில் விரிந்தது. அகல வரம்பு என்ற வரிக்கு நேராகப் போய், இருந்த எண்ணை அழித்தார். புது எண்ணை அடித்தார். எங்கேயும் பார்க்கவில்லை, யாரையும் கேட்கவில்லை, விரல் ஒரு இடத்தில்கூடத் தயங்கவில்லை. நானூற்று இருபத்தொன்பது கோடியே நாற்பத்தொன்பது லட்சத்து அறுபத்தேழாயிரத்து இருநூற்றுத் தொண்ணூற்றைந்து. அந்தக் கட்டத்தில் அடங்கக்கூடிய ஆகப் பெரிய எண் அது.

பட்டைகள் வந்தன. எட்டும் அழகாக ஓடின. அவர் சபையைப் பார்த்துத் திரும்பி, "பார்த்தீங்களா?" என்று சிரித்தார். அவர் முதுகுக்குப் பின்னால் மூன்றாம் படுக்கையின் அலை நாலாம் படுக்கைக்குள் இறங்கியது. இறங்கி, சரிந்த கோடாகச் சாய்ந்து, நாலாம் படுக்கையின் அலையை அழித்துக்கொண்டே போனது.

தலைமை நர்ஸ் எழுந்துவிட்டார். கண்ணாடியைக் கழற்றினார், திரும்ப மாட்டினார். "சாஞ்சு போகுது" என்றார். பிறகு இன்னும் சத்தமாக, "வரி சாஞ்சு போகுது! என் வார்டு நர்ஸ் பொண்ணு சொன்னா. அலை சாஞ்சு வந்துச்சு மேடம், நான் பார்த்தேன் மேடம்னு விசாரணையில அழுதுக்கிட்டே சொன்னா. அப்படியெல்லாம் வராதுன்னு நீங்கதானே சொன்னீங்க? உங்களை நம்பி அவளை வீட்டுக்கு அனுப்பினது நான்!"

பார்த்துக்கலாம் திரும்பிச் சுவரைப் பார்த்தார். முகத்தில் ஈயாடவில்லை. அடுத்து அவர் செய்ததை நான் கனவில்கூட எதிர்பார்க்கவில்லை. பாய்ந்து லேப்டாப்பைப் பிடித்து, பெரிய எண்ணை அழித்துவிட்டுப் பழைய எண்ணை அடித்தார். பதினாறாயிரத்து முன்னூற்று எண்பத்து நான்கு. அதையும் மனப்பாடமாகவே. அத்தனை பேரும் சுவரைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள் என்பதே அவருக்கு உறைக்கவில்லை. அடித்து முடித்து நிமிர்ந்து, "டிரைவர்ல தப்பு. இந்தப் பொண்ணு எழுதினது. வரம்பு வச்சது வச்ச மாதிரிதானே இருக்கு, பாருங்க" என்றார்.

நான் எழுந்து அவர் பக்கத்தில் போய் நின்றேன்.

"சார், நிரல் எழுதறதை விட்டு ரொம்ப வருஷம் ஆச்சுன்னு சொல்வீங்க. இவ்வளவு பெரிய நம்பர் உங்களுக்கு எப்படி சார் மனப்பாடம்?"

அவர் லேப்டாப்பை மூடப் போனார்.

"ஏத்தறதும் தெரியுது, திருப்பி வைக்கறதும் தெரியுது. இதுக்கு முன்னாடி எப்ப சார் செஞ்சீங்க?"

முதலாளி எழுந்து வந்தார். மாப்பிள்ளை முகத்துக்கு நேரே நின்றார். "நீங்களா?" என்று மட்டும் கேட்டார். அவர் தலை குனிந்தது. பக்கத்தில் தலைமை நர்ஸ் போனில் யாரையோ கூப்பிட்டு, "நீ பார்த்தது சரிதான்டி. சரிதான். அழாதே, நாளைக்கே கிளம்பி வா" என்று சொல்லிக்கொண்டிருந்தார். அவர்தான் அழுதுகொண்டிருந்தார்.

"அந்தப் பழைய ஆளை எங்க பிடிக்கறது?" என்று முதலாளி யாரையோ கேட்டார்.

"எங்க வீட்லதான் சார். நான் வேகத்தடையோட தங்கச்சி" என்றேன். இந்த ஒரு வாக்கியத்தைச் சொல்லத்தான் இத்தனை நாளும் டிபன் பாக்ஸ் தூக்கியிருக்கிறேன். பார்த்துக்கலாம் என்னை நிமிர்ந்து பார்த்த பார்வை இருக்கிறதே, அதை இன்னொரு முறை காட்டுவதாகச் சொன்னால் இன்னொரு கம்பெனியிலும் சேர்வேன். முதலாளி அண்ணனை உடனே வேலைக்குக் கூப்பிடுவதாகச் சொன்னார், எழுத்தில் தருவதாகவும் சொன்னார். "அதெல்லாம் அப்புறம் சார். முதல்ல இவர் வந்து, எங்க அண்ணன் முகத்தைப் பார்த்து, நான்தான்னு சொல்லணும். இப்பவே" என்றேன்.

முதலாளி தன் காரையே கொடுத்தார். "போய்ச் சொல்லிட்டு வாங்க மாப்பிள்ளை. மிச்சத்தை அப்புறம் பேசலாம்."

வீட்டில் அண்ணன் முன்னறையில் ஒரு ரிமோட்டைப் பிரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அண்ணி கதவைத் திறந்தாள். வந்திருப்பது யார் என்று பார்த்ததும், வாங்க என்று ஒரு வார்த்தைகூடச் சொல்லாமல் ஒதுங்கி நின்றாள். நான் நடந்ததை மூச்சுவிடாமல் சொன்னேன். பார்த்துக்கலாம் நின்றுகொண்டே, தரையைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

"நம்பரை மாத்தினது நான்தான். திருப்பி வச்சதும் நான்தான். பயத்துல உங்க மேல பழியைப் போட்டுட்டேன். மன்னிச்சிடுங்க."

அண்ணன் எழுந்து ஓங்கி ஒரு அறை விடுவான் என்று நான் காத்திருந்தேன். உண்மையாகவே காத்திருந்தேன். அவன் திருகாணிகளை ஒரு மூடியில் போட்டுவிட்டு, "சரி" என்றான்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "என்னண்ணா சரி? இவ்வளவு கஷ்டப்பட்டு இழுத்துட்டு வந்திருக்கேன், சரியாம் சரி!"

அண்ணன் அவரைப் பார்த்துக் கேட்டான். "நாலாம் படுக்கைக்காரர் இப்ப எங்க இருக்கார்னு தெரியுமா சார்?"

"டிஸ்சார்ஜ் ஆயிட்டார்னு கேள்விப்பட்டேன்."

"டிஸ்சார்ஜ் ஆனவர் எங்கயாவது இருக்கணும்ல?" அண்ணன் செருப்பை மாட்டினான். "வாங்க. பக்கத்துலதான். மன்னிப்பை எங்கிட்ட மட்டும் கேட்டா எப்படி?"

அவர் நகரவில்லை. அண்ணன் அவர் மணிக்கட்டைப் பிடித்தான். அவ்வளவு இறுக்கமாக அவன் எதையும் பிடித்து நான் பார்த்ததில்லை. அண்ணி அப்போதுதான் வாயைத் திறந்தாள். "போயிட்டு வாங்க" என்றாள், அண்ணனிடம்.

நடக்கும்போது அண்ணன் எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொன்னான். விசாரணையில் தப்புக்காரன் என்று படித்த பெயர் அவனுடையது. நாலாம் படுக்கைக்காரரின் மனைவி சபித்ததும் அவனைத்தான். அவன் அவர்கள் வீட்டு வாசலில் போய் நின்றிருக்கிறான். முதலில் கதவைச் சாத்தினார்களாம். அப்புறம் வசவு. அப்புறம் அதுவும் போய், பேசாமல் உள்ளே விட்டார்களாம். இப்போது வாரா வாரம் போய் அந்த மனிதருக்கு விரல் பயிற்சி கொடுக்கிறான்.

"நீ பண்ணலைன்னு அவங்ககிட்டயாவது சொல்லக் கூடாதா?" என்று கேட்டேன்.

"யார்னு காட்ட ஆள் இல்லாம நான் இல்லன்னு மட்டும் சொன்னா நம்புவாங்களா? ஏற்கெனவே பொய்யன்னு பேர் வாங்கினவன். காட்டறதுக்கு ஆள் கிடைக்கட்டும்னு இருந்தேன்." பிடித்திருந்த மணிக்கட்டை அவன் விடவே இல்லை. அப்போதுதான் எனக்குப் புரிந்தது, கறுவிக்கொண்டிருந்தது நான் ஒருத்தி மட்டும் இல்லை.

அது ஒரு சலூன். வீட்டின் முன்னறையையே சலூனாக்கியிருந்தார்கள். ஒரு கண்ணாடி, ஒரு சுழல் நாற்காலி, அலமாரியில் மடித்துவைத்த துண்டுகள். நாலாம் படுக்கைக்காரர் ஸ்டூலில் உட்கார்ந்து வலது கையில் ரப்பர் பந்தை அமுக்கிக்கொண்டிருந்தார். பந்து கொஞ்சம்தான் அமுங்கியது. எங்களைப் பார்த்ததும் அவர் மனைவி உள்ளேயிருந்து வந்து, சுவரோரம் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

"அக்கா, இவ்வளவு நாளும் நான்தான்னு நினைச்சீங்க. நான் இல்ல. இவர்" என்று அண்ணன் அவரை முன்னால் தள்ளினான்.

அந்தம்மாள் அவரைப் பார்த்தார், அண்ணனைப் பார்த்தார். "என்னப்பா சொல்ற? அப்ப நான் உன்னை வாய்க்கு வந்தபடி பேசினதெல்லாம்?"

"அதையும் இவர்கிட்டயே குடுத்துடுங்க."

பார்த்துக்கலாம் ஏதோ சொல்ல ஆரம்பித்தார். மன்னிப்பு என்ற சொல் பாதியில் நின்றுவிட்டது. சலூன்காரர் பந்தைக் கீழே வைத்துவிட்டு எழுந்து, வலது காலை இழுத்து இழுத்து நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றார். இடது கையால் இருக்கையைத் துண்டால் தட்டினார்.

"உட்காருங்க சார்."

"இல்ல, நான் காலைலயே ஷேவ் பண்ணிட்டுத்தான்..."

"உட்காருங்க சார்" என்று அண்ணன் அவர் தோளில் கையை வைத்து அழுத்தினான். "இவர் கைக்கு வேலை பழகணும். வேற யாரும் கழுத்தைக் காட்ட மாட்டேங்கறாங்க. வாரா வாரம் நான்தான் உட்கார்ந்துக்கிட்டு இருந்தேன்." தாடையைத் தூக்கிக் காட்டினான். அதன் கீழே ஆறியதும் ஆறாததுமாக எத்தனையோ கீறல்கள். கூடவே வளர்ந்தவள், ஒருநாள்கூட நான் அவற்றைப் பார்த்ததில்லை.

அவர் உட்கார்ந்தார். துணியைப் போர்த்திக் கழுத்தில் கட்டினார்கள். அந்தம்மாள் நுரையைக் குழைத்து, கன்னத்திலும் கழுத்திலும் தானே தடவிவிட்டார். சலூன்காரர் புது பிளேடைக் கத்தியில் மாட்டச் சொல்லி அதை வலது கையில் வாங்கினார். கத்தி கண்ணாடியில் நடுங்கியது. நாற்காலியில் இருந்தவர் கைப்பிடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தார், அண்ணனைப் பார்த்தார். நாங்கள் இருவரும் நின்ற இடத்திலேயே நின்றோம்.

சலூன்காரர் இடது கையால் அவர் முகவாயைப் பிடித்து மேலே நிமிர்த்தினார்.

"நீங்க ஆடாதீங்க சார்" என்றார். "என் கை ஆடறது போதும்."